ஹைஜம்ப் லிங்கப்பனின் தம்பி

"நீ இன்னைக்கு ஊட்டுல இருக்கக் கூடாதுன்னா..."

"நான் எங்கெடா போவேன்? இந்தக் காலை வெச்சுக்கிட்டு..."

"இருக்கக் கூடாதுன்னா இருக்கக் கூடாது! எங்கியோ போ. சாமுண்டி மலைக்குப் போ."

"மலைக்கா? நான் ஏறி எறங்கறதுக்குள்ள உன்ற புள்ளைக்குக் காதுகுத்தே வந்துருமே!"

"புள்ளைக்கு முன்னால கல்யாணம் ஆகோணுமில்ல? அதுதானே உன்னால..."

"என்னாலயா? வந்தவங்ககிட்ட நாலு வார்த்தை பேசுனேன். பேசறது ஒரு குத்தமா?"

"நீ பேசவே வேண்டாம்ண்ணா. நீ சும்மா உக்காந்திருந்தாலே போதும். என்னை யாருக்கும் தெரியறதில்ல."

அடுப்படியிலிருந்து ராமக்காள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். லிங்கப்பனின் மனைவி. "ரெண்டு பேரும் ஒரே மூச்சுல கத்துனா நான் யாருக்குப் பதில் சொல்றது? கேசரிபாத்து அடிப்புடிக்குது. கொழுந்தனாரே, உங்கண்ணனை அனுப்பறதுன்னா சீக்கிரம் அனுப்புங்க. கொள்ளேகாலத்து பஸ்ஸு வர்ற நேரமாச்சு."

"பாரு, உன்ற அண்ணியும் உன் கட்சிதான்" என்றான் லிங்கப்பன்.

"நான் எந்தக் கட்சியுமில்ல. இந்தப் பொண்ணும் தட்டிப்போனா இன்னொரு தடவை ரவை கிளற எனக்குக் கையில பலமில்ல."

தம்பி சென்னப்பன் கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. லிங்கப்பன் ஒரு காலத்தில் மைசூர் அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன். தசரா பந்தயங்களில் கம்பு தாண்டுவதில் அவனை வெல்ல ஆளில்லை. வெள்ளி மெடல் வாங்கினான். பிறகு ஒரு தசராவில் மணலில் தப்பாக இறங்கி முட்டி திருகிக்கொண்டது. அத்தோடு தாண்டலும் போயிற்று, லாயத்து வேலையும் போயிற்று. பேர் மட்டும் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, வளர்ந்தது. தேவராஜ மார்க்கெட்டில் முதலில் கம்பைத் தாண்டிய லிங்கப்பன் என்றார்கள். அடுத்த வருஷம் அந்தக் கம்பு குதிரையாயிற்று. அதற்கடுத்த வருஷம் மாட்டுவண்டி. இப்போது அரண்மனை யானையைத் தாண்டினான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "யானையை மட்டும் நான் தாண்டலீங்க" என்று லிங்கப்பன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள், பாவம், அடக்கமாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவன் சென்னப்பன். கூடை சுமந்து, வாடிக்கை பிடித்து, தானே உண்டாக்கிய கடை. ஆனால் வாங்க வருகிறவர்கள் "ஹைஜம்ப் லிங்கப்பன் கடை எங்கே?" என்றுதான் கேட்டு வருவார்கள். லிங்கப்பன் ஒரு கவுளி வெற்றிலை மடித்ததில்லை. சும்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். காலை நீட்டிக்கொண்டு. அந்தக் காலைப் பார்க்கத்தான் கூட்டம்.

சென்னப்பன் அண்ணனின் மார்பு உயரம்கூட இல்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முன்பு ஒரு பெண்வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா லிங்கப்பனைச் சுவரோரம் நிற்கவைத்து, தலைக்கு மேல் கரித்துண்டால் கோடு கிழித்து, "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போயே போய்விட்டார். மாப்பிள்ளை யார் என்று கேட்கவே மறந்துபோனார். அதற்கு முன்னால் வந்தவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "தம்பியா? இவரா?" என்று சிரித்தார்கள்.

இந்தப் பெண் அப்படிப் போய்விடக் கூடாது. ராமாபுரத்துக் கௌரம்மாளை அவன் மாதேஸ்வரன் மலைத் திருவிழாவில் பார்த்திருக்கிறான். வளையல்காரனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ஏனப்பா, வளையலுக்கு விலை சொல்றியா, மலைக்கே விலை சொல்றியா?" என்று அவள் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னப்பனும் சிரித்தான். அவள் திரும்பி, "நீங்களே சொல்லுங்க" என்றாள். அவனைப் பார்த்து. பக்கத்தில் அண்ணன் இல்லாத ஒரு நாளில், ஒரு பெண் அவனைப் பார்த்துப் பேசினாள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை.

லிங்கப்பன் கம்பை ஊன்றி எழுந்தான். "சரி, கடைக்குப் போறேன். அவங்க போனதும் ஆள் அனுப்பு. அது வரைக்கும் நான் செத்தவன்."

"அப்படியெல்லாம் பேசாதே."

"பின்னே? இருந்தாலும் தப்பு, செத்தாலும் தப்புன்னா நான் என்னடா பண்றது?" சொல்லிக்கொண்டே விந்திவிந்திப் படியிறங்கினான்.

பெண்ணின் அப்பா கருப்புசாமியும், அவர் அக்கா லிங்கம்மாவும் வந்தார்கள். கருப்புசாமி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அண்ணன் எங்கீங்க?"

"வாங்க மாமா, உக்காருங்க. வாங்க அத்தை."

"உக்காரறதுங்க. அண்ணன் எங்கே?"

"அண்ணன் ஊர்ல இல்லீங்க. பெங்களூர் போயிருக்காரு."

உள்ளே ராமக்காளுக்குப் புரையேறியது.

கருப்புசாமியின் முகம் விழுந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவோடு உள்ளே வந்து உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பாட்டிலைத் தடவினார். "மலைத்தேனுங்க. காட்டுக்குள்ள ஆளை உட்டு எடுத்தாரச் சொன்னேன். அவருக்குன்னு. ஒரு தசராவுல நான் பாத்திருக்கறனுங்க, இந்தக் கண்ணால! கம்பு அங்கே இருக்குது, மனுசன் அதுக்கும் மேலே. காத்துல சித்த நேரம் நின்னாருங்க. நின்னாரு! அப்பறந்தான் எறங்குனாரு."

"மனுசன் எங்காவது காத்துல நிப்பானாடா?" என்றாள் லிங்கம்மா.

"நின்னாருக்கா."

"சரி, நின்னாரு. இப்ப நாம வந்த சோலியைப் பாரு. மாப்பிளை இவருதானே? தம்பி, கடை எத்தனை தூரம்?"

சென்னப்பனுக்கு வியர்த்தது. "கடைங்களா? மார்க்கெட்டுக்குள்ளதானுங்க. இன்னைக்குக் கூட்டமா இருக்கும். இன்னொரு நாள்..."

"கூட்டமா இருந்தாத்தான் பார்க்கோணும். காலியாக் கெடக்கற கடையைப் பார்த்து என்ன பண்றது?"

"கொஞ்சம் கேசரிபாத்து வெச்சுக்கங்கம்மா" என்று ராமக்காள் தட்டோடு ஓடிவந்தாள்.

"வந்து திங்கறேன் கண்ணு. மூடி வை."

லிங்கம்மா எழுந்துவிட்டாள். அவள் எழுந்தால் கருப்புசாமியும் எழுந்துதான் ஆகவேண்டும்.

மஞ்சள், குங்குமக் குவியல்களைத் தாண்டி, வாழைத்தார்கள் தொங்கும் சந்தில் திரும்பியதுமே கூட்டம் தெரிந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து, சென்னப்பன் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் அந்தக் குரல். "...யானையை மட்டும் நான் தாண்டலீங்க..."

கருப்புசாமி நின்றார். எட்டிப் பார்த்தார். "அக்கா! அவருதான்! அக்கா, அவரேதான்!"

லிங்கம்மா சென்னப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "பெங்களூரு கிட்டத்துலதான் இருக்குது போல."

அது காதில் விழுந்து, தம்பியின் முகத்தையும் கண்டதும் லிங்கப்பன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தான். "இப்பத்தானுங்க... இப்பத்தான் பெங்களூர்ல இருந்து வந்து எறங்குனேன்."

"காலையில இருந்து இங்கதானே உக்காந்திருக்கீங்க லிங்கப்பண்ணா?" என்றான் ஒரு மூட்டைக்காரன், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்.

கருப்புசாமிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. போய் லிங்கப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தேன் பாட்டிலைக் கொடுத்தார். காற்றில் நின்ற கதையைச் சொன்னார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. சென்னப்பன் தன் கடையின் ஓரத்தில், வெற்றிலைக் கூடைக்குப் பின்னால் நின்றான். அவனிடம் யாரோ ஒரு கவுளி கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தான். அவர்களும் வாங்கிக்கொண்டு, அண்ணனைப் பார்த்தபடியே போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில் லிங்கப்பன் தம்பியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். மனது கேட்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சென்னப்பனுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க யாருகிட்டங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் கருப்புசாமி.

"இவன்கிட்டத்தான்" என்றான் லிங்கப்பன். நீட்டிய கை சென்னப்பனைக் காட்டியது.

கூட்டம் திரும்பியது. அத்தனை முகமும்.

"எங்கூர்ல அப்ப கம்புக்கு எங்கீங்க போறது? மூங்கில் வெச்சா தட்டித்தட்டி ஒடிஞ்சு போகும். இவன்தான் என்ற கம்பு. மொதல்ல படுத்துக்குவான், தாண்டுவேன். அப்பறம் உக்காந்துக்குவான், தாண்டுவேன். அப்பறம் குனிஞ்சு நிப்பான். நான் ஓடிவர்ற வேகத்துல வேறெவனா இருந்தாலும் ஒதுங்கிருவான். இவன் ஒதுங்குனதே இல்லீங்க. கண்ணைக்கூட மூட மாட்டான். தெனம் காத்தால, மாடு அவுக்கறதுக்கு முன்னால. என்ற மெடல்ல பாதி இவனுது."

"அட!" என்றார்கள் யாரோ. மூட்டைக்காரன் சென்னப்பனின் தோளைத் தட்டினான். "சொல்லவே இல்லியே நீங்க!"

இத்தனை வருஷத்தில் அண்ணன் இதை யாரிடமும் சொன்னதில்லை. கருப்புசாமிகூட அவனை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். சென்னப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் நிமிர்ந்து நின்றான்.

"எந்தப் பக்கமிருந்து தாண்டுனீங்க?"

லிங்கம்மாதான் கேட்டாள்.

"என்னங்கம்மா?"

"எந்தப் பக்கமிருந்து ஓடிவந்து தாண்டுனீங்கன்னு கேட்டேன்."

"கெழக்கால இருந்துங்க. மேக்காலதான் வைக்கோல் கெடக்கும். அதுல போய் விழுவேன்."

"விழுந்துட்டு?"

"சுத்தி வந்து மறுக்காவும் தாண்டறது."

"சுத்தி வந்தீங்க. மேக்கால இருந்து கெழக்கால திருப்பித் தாண்டலை?"

"அதெப்படிங்க? கெழக்கால வைக்கோல் இல்லியே."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கூட்டத்துக்கு முன்பே உறைத்துவிட்டது. படுத்திருப்பவனைத் தாண்டினால் வளர மாட்டான், தாண்டிவிட்டால் உடனே திருப்பித் தாண்டிவிட வேண்டும். தமிழோ கன்னடமோ, எந்த வீட்டில் இது தெரியாது? மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவள் நாரைக் கீழே போட்டுவிட்டு "அய்யய்யோ" என்றாள்.

"அதான் ஆளு இப்படி நின்னுட்டாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சென்னப்பன் நிமிர்ந்தது நிமிர்ந்தபடி நின்றான். இதை அவன் நினைக்காத நாளில்லை. சின்ன வயசில் எல்லாரும் வளர, தான் மட்டும் வளராமல் போனபோதே நினைத்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அதையும் அண்ணன் பெருமையில் சேர்த்துவிடுவார்கள். கம்பைத் தாண்டினான், குதிரையைத் தாண்டினான், தம்பி வளர இருந்ததையும் சேர்த்துத் தாண்டினான் என்பார்கள்.

"தம்பி, உங்க உசரத்துக்கு நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள் லிங்கம்மா. குரலில் கோபமில்லை. "என்ற தம்பி மக என்ன பனைமரமா? ஆனா தாண்டுனதைத் திருப்பாம உட்டிருக்குது. உங்களோட நின்னாப் பரவாயில்ல. நாளைக்குப் பொறக்கற புள்ளைங்க? அதுங்களும் வளராமப் போனா எங்க புள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நான் சம்மதிக்க மாட்டேன்."

"அக்கா, இதுக்குப் போயி!" கருப்புசாமி குதித்தார். "ஆளுதான் இங்கியே இருக்காரே! இப்பத் திருப்பித் தாண்டிட்டாப் போச்சு!"

அவ்வளவுதான். அந்தச் சொல் சந்து முழுக்க ஓடியது. லிங்கப்பன் தாண்டப்போகிறான்! வாழைத்தார்களை ஒதுக்கினார்கள். கூடைகளை இழுத்தார்கள். யாரோ கோணிச்சாக்கு கொண்டுவந்து விரித்தார்கள். "ஹாரு லிங்கப்பா, ஹாரு!" என்று கன்னடத்தில் ஒரு பக்கம், "தாண்டுங்கண்ணா!" என்று தமிழில் ஒரு பக்கம். லிங்கப்பன் கம்பை ஊன்றி எழுந்து நின்றான். ஒரு நொடி, அந்தச் சத்தத்தைக் கேட்டு, அவன் தலை தானாக உயர்ந்தது. மூக்கு விரிந்தது. பந்தயத்துக் குதிரை மாதிரி.

அதைச் சென்னப்பன் பார்த்துவிட்டான்.

"இங்கே வேண்டாம்" என்றான்.

"ஏந் தம்பி?"

"இங்கே படுக்க மாட்டேன் மாமா. ஊட்டுல. கதவைச் சாத்திட்டு. நாம மட்டும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பொறாமைக்காரன் என்று யாரோ சொன்னதுகூடக் கேட்டது.

திரும்பி வரும்போது லிங்கம்மாவும் கருப்புசாமியும் முன்னால் போக, அண்ணனும் தம்பியும் பின்னால் வந்தார்கள். லிங்கப்பனால் வேகமாக நடக்க முடியாது. சென்னப்பனுக்கு அவனை விட்டுப் போகவும் முடியவில்லை.

"ஆசை வந்துருச்சில்ல உனக்கு?"

"என்னடா ஆசை?"

"மூஞ்சியைப் பார்த்தேன்."

"சும்மா இருடா. நான் வேணும்னு பண்ணலை, சென்னா. சின்னப்பசங்க. எனக்கென்ன தெரியும்?"

"வைக்கோலை ஒரு நாளாவது மாத்திப் போட்டிருக்கலாமில்ல?"

"தோணலை."

"உனக்குத் தோணலை. அதுக்கு நான் இப்படி நிக்கறேன்."

"உன்னைப் பெருமையாச் சொல்லோணும்னுதாண்டா ஆரம்பிச்சேன்."

"தெரியும். அதையும் நீதான் சொல்லோணும். எனக்குப் பெருமை வந்தாலும் உன்ற வாயில இருந்துதான் வருது. பாரு."

வீட்டு வாசற்படியில் ராமக்காள் வந்து தோளைக் கொடுத்தாள். அதைப் பிடித்துத்தான் லிங்கப்பன் உள்ளே ஏறினான்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் கொதித்துப்போனாள். "வாசப்படி ஏறவே என்ற தோள் வேணும் இவருக்கு. இவரைப் போயி ஆளைத் தாண்டச் சொல்றீங்களா? ராவெல்லாம் முட்டியைப் புடிச்சுக்கிட்டு முனகறது மார்க்கெட்டுக்குக் கேட்டிருக்குதா?"

"குதிக்க வேண்டாம் கண்ணு" என்றாள் லிங்கம்மா. "படுத்திருக்கட்டும். ஒரு எட்டு எடுத்து வெச்சாப் போதும். மேக்கால இருந்து."

கதவைச் சாத்தினார்கள். சென்னப்பன் கூடத்து நடுவில் மல்லாந்து படுத்தான். தரை குளிர்ந்தது. கருப்புசாமி, நல்லாத் தெரியட்டும் என்று, சுவரோரம் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

லிங்கப்பன் மேற்குப் பக்கம் வந்து நின்றான். கம்பை ராமக்காளிடம் கொடுத்தான். நல்ல காலைத் தூக்கி வைக்கப் பார்த்தான். கெட்ட கால் உடம்பைத் தாங்கவில்லை. பின்வாங்கினான். பிறகு கெட்ட காலை இரண்டு கைகளாலும் முட்டிக்குக் கீழே பிடித்து, மூட்டை தூக்குவது மாதிரி தூக்கி, தம்பியின் இடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தான். அத்தோடு நின்றுவிட்டது. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். உடம்பு ஆடியது.

கீழேயிருந்து சென்னப்பன் பார்த்தான். கண்ணை மூடவில்லை. அண்ணனின் முகவாயிலிருந்து வியர்வை சொட்டியது. உதடு வெளுத்திருந்தது. இத்தனை வருஷம் கீழேயிருந்து பார்த்த முகம்தான். அப்போதெல்லாம் அது வந்த வேகத்தில் மறைந்துவிடும். இப்போது நின்றது. பயந்து நின்றது.

"முடியலைடா" என்று லிங்கப்பன் உதட்டை மட்டும் அசைத்தான்.

விட்டுவிடலாம். எழுந்து உட்கார்ந்து, பார்த்துக்கொள்ளுங்கள் உங்கள் ஹைஜம்ப்பை என்று சொல்லிவிடலாம். கருப்புசாமி கதவைத் திறந்து போய் ஊரெல்லாம் சொல்லுவார். அதற்காகவே ஒரு நொடி படுத்துக்கிடந்தான் சென்னப்பன். அந்த நொடி அவனுக்குத் தித்தித்தது.

அப்புறம் வளையல் கடை ஞாபகம் வந்தது. கையை நீட்டி, மேற்குப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்ற அண்ணனின் கணுக்காலைப் பிடித்தான். மெதுவாகத் தூக்கினான். ராமக்காள் ஓடிப்போய் அந்தப் பக்கம் தோளைக் கொடுத்தாள். சென்னப்பன் அந்தக் காலைத் தன் வயிற்றுக்கு மேலாகக் கொண்டுபோய் கிழக்கே தரையில் வைத்தான்.

"தாண்டிட்டாரு!" கருப்புசாமி கைதட்டினார். "அக்கா, பார்த்தியா! இந்தக் காலோட! இந்த நெலையில! அடடா, மனுசனா இவரு!"

"பார்த்தேன், பார்த்தேன்." லிங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருங்க சாமி. உங்க தம்பிக்காக இம்புட்டுப் பண்ணுனீங்களே. எந்த அண்ணன் பண்ணுவான்?"

லிங்கப்பனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். விசிறினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவன் மூச்சு வாங்கியபடி, "அவன்தானுங்க தூக்கி..." என்று ஆரம்பித்தான். "பேசாதீங்க, பேசாதீங்க" என்று கருப்புசாமி அவன் வாயைப் பொத்தாத குறையாக அடக்கினார். "தாண்டுனவங்க சித்த ஓய்வெடுக்கோணும்."

"தாம்பூலம் எடும்மா" என்றாள் லிங்கம்மா. "நமக்குச் சம்மதம். மாத்திக்கலாம்."

ராமக்காள் தட்டில் வெற்றிலையை அடுக்கினாள். சென்னப்பன் எழுந்து நின்றான். முதுகில் ஒட்டிய தூசியைத் தட்டவில்லை. காதில் விழுந்தது நிஜம்தானா என்று பார்ப்பவன் போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எல்லா முகமும் அண்ணன் பக்கம் திரும்பியிருந்தது.

"கல்யாணத்துக்கு நீங்கதான் முன்னால நிக்கோணும்" என்று கருப்புசாமி லிங்கப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கூரே திரண்டு வரும் பாருங்க. எங்க கௌரம்மா இருக்கறாளே, லேசுப்பட்டவ இல்லீங்க. எந்த வரனைச் சொன்னாலும் ஒரு நொட்டை சொல்லுவா. ஹைஜம்ப் லிங்கப்பன் தம்பிக்குக் கேட்கறாங்கன்னு சொன்னேன், மறுபேச்சே பேசலை. நீங்க தாண்டுனதை நேர்ல பார்த்தேன்னு போய்ச் சொன்னா, துள்ளுவா!"

"மாமா" என்றான் சென்னப்பன்.

கருப்புசாமி திரும்பவில்லை. லிங்கப்பனின் முட்டியில் கைவைத்து, இங்கேயா வலிக்கிறது, இங்கேயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா. கௌரம்மாளுக்கு என்ற பேரு என்னன்னு தெரியுமுங்களா?"